சமனிடம் சுவருக்கு இப்பால் நின்று கேட்டது

மயிலிட்டித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் பக்டரியில் வேலையாட்களுக்குப் பொறுப்பான போர்மனாக நான் இருந்தேன். சமன் வேலைக்கு வந்த முதல் நாளே எங்களுக்கு அவனைப் பிடித்துவிட்டது. மாத்தறைச் சிங்களப் பெடியன். குருநகரில் பெண் எடுத்து, அவளிடமே தமிழும் படித்தவன். தேநீர் நேரத்தில் அவன் விடும் பகிடிக்கு வயிறு வலிக்கச் சிரிப்போம். அவனுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்று நான் முடிவு கட்டியது அந்தத் தேநீர் மேசையில்தான்.

கொம்பிரசர் ஓடும் இடத்தில் அவன் வேறு ஆள். எதைச் சொன்னாலும் "என்ன அண்ணை? என்ன?" என்று கிட்ட வருவான். அந்த இரைச்சலில் எங்கள் காதிலும் பாதிதான் விழும். பிறந்ததிலிருந்து கேட்ட பாஷை என்பதால் மீதியை நாங்களே நிரப்பிக்கொள்வோம். வளர்ந்தபின் படித்தவனுக்கு அது முடியாது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"உவனுக்குக் கலியாணத்தோடை காதும் போயிட்டுது" என்று நான்தான் முதலில் நக்கலடித்தேன். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். சில வாரங்களில் சமன் திருப்பிக் கேட்பதை நிறுத்திவிட்டான். எல்லாவற்றுக்கும் "ஓம் அண்ணை" என்றான். பெடியன் வேலை பழகிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். மடையன் நான்.

ஒரு காலை, படகுகள் ஐஸுக்குக் காத்து நின்ற நேரம், ஐஸ் உடைக்கும் மெஷின் இறுகி நின்றது. நான் போய் அதன் சுவிட்சை நிறுத்தினேன். சமன் உள்ளே கையை விட்டு, இறுகிய கட்டிகளைக் கம்பியால் கிளறினான். மெஷின் சுவருக்கு அந்தப் பக்கம், சுவிட்ச் இந்தப் பக்கம். சுவிட்சடியில் நின்று பார்த்தால் அவன் தெரியமாட்டான். கொம்பிரசர் இரைந்துகொண்டே இருந்தது. வெளியே படகுக்காரர் அவசரப்படுத்திக் கத்தினார்கள்.

"சமன், கையை வெளியிலை எடுத்திட்டியோ? போடட்டோ?"

"ஓம் அண்ணை!"

போட்டேன்.

வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். மூன்றாம் நாள் கேட்டேன்.

"ஏனடா ஓம் எண்டு சொன்னனீ?"

"உங்கடை சத்தம் கேட்டது அண்ணை. என்ன கேக்கிறியள் எண்டு விளங்கேல்லை. திருப்பிக் கேட்டா எல்லாரும் சிரிப்பியள்."

அமைதியான வார்ட்டில், ஒரு சொல் பிசகாமல் சொன்னான். குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வேலைக்கு வரும் இளம் ஆட்களுக்கு நான் சொல்வது இதுதான். இரைச்சலில் வரும் "ஓம்" என்பதை நம்பாதேயுங்கள். சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவையுங்கள். "என்ன?" என்று பத்துத் தரம் கேட்டாலும் சிரிக்காதேயுங்கள். ஆளைப் பார்க்காமல் சுவிட்சில் கை வைக்காதேயுங்கள்.

சுவரைச் சுற்றி அவனிடம் போக எட்டு அடிதான் இருந்தது. நான் நடக்கவில்லை.