சேற்றுக் காலோடு ஒரு விளம்பரம்

நாங்கள் பை தைத்து விற்பவர்கள். தோள்பை, கைப்பை, கல்யாணத்துக்குக் கொண்டுபோகிற சின்னப் பர்ஸ். திருத்துறைப்பூண்டியில் ஒரு மாடி அறை, இரண்டு தையல் மிஷின். தைப்பது நான். அதை ஆன்லைனில் அழகாகக் காட்டுவது தம்பி. இந்தக் காட்டுகிற வேலைதான் என் உயிரை வாங்குகிறது.

முதலில் வெள்ளைத் துணி விரித்துப் பையைப் படம் எடுத்தான். அப்புறம் திருவாரூர் குளக்கரையில் காலேஜ் பெண்களைக் கெஞ்சிக் கூட்டிவந்து தோளில் மாட்டச் சொன்னான். லைக் போட்டதெல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள். "உள்துணிக்கு நான் ரெட்டைத் தையல் போடுறேன்ல, அதை எழுதுடா" என்றால், "அதெல்லாம் யாருக்கும் வேணாம்க்கா. நம்மகிட்ட ஒரு கதை இருக்கணும்" என்பான். ஏதோ ஆன்லைன் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம். பைக்கு ஜிப் இருந்தால் போதாதாம், கதையும் இருக்க வேண்டுமாம்!

அம்மா கூலிக்கு நடவு நட்டுத்தான் எங்களைப் படிக்கவைத்தாள். இப்போது குத்தகைக்கு ஒரு சின்ன வயல் வைத்திருக்கிறாள். வயலில் இறங்கும்போது சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். திரும்பும்போது வாய்க்காலில் முழங்கால்வரை தேய்த்துக் கழுவி, சட்டையைக் கழற்றி மடித்து, கொண்டையைச் சரிசெய்து, செருப்பு மாட்டிக்கொண்டுதான் தெருவுக்குள் நுழைவாள். எங்கள் தெருப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான். எவ்வளவு அவசரமானாலும் இதில் மாற்றம் கிடையாது.

போன சம்பா நடவின்போது, தையல் கோணலாகி நான் ஒதுக்கிப்போட்ட பை ஒன்றில் சாப்பாட்டை வைத்து எடுத்துப்போயிருந்தாள். டீ கொண்டுபோன தம்பி, அவள் அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நின்று யாரிடமோ சிரித்துப் பேசுவதைப் பார்த்திருக்கிறான். கால் முழுக்கச் சேறு, மேலே ஆம்பளைச் சட்டை. சத்தமில்லாமல் படம் எடுத்து, 'மண்ணின் மகள் சுமக்கும் பை' என்று எழுதிப் போட்டுவிட்டான்.

அன்றைக்கே ஆர்டர் கொட்டியது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கண் வலிக்கத் தைத்த பைகளை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள், நான் கழித்துக்கட்டிய கோணல் பைக்குப் பறக்கிறார்கள்!

பக்கத்து வீட்டுப் பெண் போனில் காட்டித்தான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. நேராக மாடியேறி வந்தாள்.

"வாய்க்கால்ல கால் கழுவாம ஒரு நாளாச்சும் தெருவுக்குள்ள வந்திருக்கேனாடா நான்? இந்தக் காலோட என்னைய ஊரு ஒலகமெல்லாம் இழுத்துட்டுப் போயிட்டியே!"

"அதுதாம்மா அழகு. எல்லாரும் உன்னைத்தான் பாராட்டுறாங்க. இப்ப எடுத்தா பேஜே படுத்துரும்மா."

"அழகா வேணும்னா சொல்லியிருக்கலாம்ல? பட்டுச்சேலை கட்டிட்டு வந்திருப்பேன். அதை எடுத்துரு."

தம்பி ஒரு வாரம் போகட்டும் என்றான். எனக்கு வந்ததே கோபம்! போனைப் பிடுங்கி நானே அழித்தேன். "கெடுத்துட்டியேக்கா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அம்மா ஆசைப்பட்டபடியே அவளுக்குப் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, வாட்ச் மாட்டி, நான் தைத்ததிலேயே நல்ல பையைக் கையில் கொடுத்து ஒரு படம் போட்டோம். அம்மா அதில் ராணி மாதிரி இருந்தாள். ஒரு ஆர்டர்கூட வரவில்லை. அழித்த படத்தையோ யார் யாரோ எடுத்து வைத்துக்கொண்டு இன்னும் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அதை யாரிடம் போய் அழிக்கச் சொல்வது?

போன வாரம் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மெசேஜ் வந்தது. 'அந்தச் சேத்துக்காரம்மா வச்சிருந்த பை கிடைக்குமா? அவங்க போட்டோவையே திரும்பப் போடுங்க. இந்தப் பட்டுச்சேலை ஆன்ட்டி செட் ஆகல.'

இரண்டும் ஒரே ஆள் என்பதுகூடத் தெரியவில்லை. போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"பை கேக்குறாங்கம்மா."

"எந்தப் பை?"

"பட்டுச்சேலைப் படத்துல நீ வச்சிருக்கியே, அது" என்று பொய் சொன்னேன்.

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா? நான் மொதல்லயே சொன்னேன்ல" என்றாள்.