எதிர்க்கரையில் ஒரு ரோஸ் நிறம்

ஐப்பசி பிறந்தால் அரசலாற்று முகத்துவாரத்துக்கு வெளியூர்ப் பறவைகள் வந்துவிடும். இரண்டு வருடங்களுக்கு முன், அவற்றைப் பார்க்க நானும் பக்கத்து வீட்டுத் தங்கச்சியும் ஞாயிறு மாலைகளில் போக ஆரம்பித்தோம். ஷார்ஜாவிலிருந்து அவள் கணவர் கொண்டுவந்த பைனாகுலர் பீரோவில் சும்மா கிடந்தது. அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்றுதான் கிளம்பினோம். உள்ளான், ஆலா எல்லாம் பார்த்தாயிற்று. ரோஸ் நிறச் சிறகு கொண்ட பூநாரை மட்டும் கண்ணில் படவில்லை. பட்டினச்சேரிப் பக்கம் இரண்டு இறங்கியதாக மீன் கொண்டுவரும் அம்மா சொன்னதிலிருந்து எங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அன்று தென்கரைக் கருங்கற்கள் மேல் உட்கார்ந்திருந்தோம். பைனாகுலரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தேன். எதிர்க்கரையில் ரோஸ் நிறத்தில் என்னவோ அசைந்தது.

“வந்துடுச்சு தங்கச்சி!” என்றேன். திருகிச் சரிசெய்து பார்த்தேன். பஞ்சுமிட்டாய். அதைப் பிடித்திருந்தவர் என் கணவர்.

சர்க்கரை நோய்க்காக டாக்டர் சொன்னபடி தினமும் கடற்கரைச் சாலையில் நடக்கப் போகிறவர் அவர். வீட்டில் காபிக்குக்கூடச் சீனி கேட்கமாட்டார். அந்தக் கட்டுப்பாட்டைப் பற்றி என் அக்காவிடமெல்லாம் பெருமையடித்து வைத்திருந்தேன்.

தங்கச்சி வாங்கிப் பார்த்தாள். “யா அல்லாஹ், அண்ணனேதாங்க்கா!”

பைனாகுலரைப் பிடுங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டே போன் போட்டேன். மிட்டாயை இடது கைக்கு மாற்றிவிட்டு எடுத்தார்.

“எங்க இருக்கீங்க?”

“நடந்துகிட்டு இருக்கேன். மூச்சு வாங்குது பாரு.” நின்ற இடத்திலிருந்து ஓர் அடி நகரவில்லை.

“இடது கையில என்னங்க?”

“கைக்குட்டை.”

“ரோஸ் கலர்ல நம்ம வீட்டுல கைக்குட்டையே இல்லியே.”

திடுக்கிட்டுப் பின்னால் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கலங்கரை விளக்கத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. பிறகு மிச்சத்தை அப்படியே வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

“ஹலோ?”

“ம்ம்ம்” என்றது போன்.

தங்கச்சி சிரித்த சிரிப்பில் மணல்திட்டு உள்ளான்கள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன. எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். உப்பிய கன்னங்களோடு அவர் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம்தான் அவருடைய சர்க்கரையை நினைத்துப் பயம் பிடித்துக்கொண்டது.

அவர் வீட்டுக்கு வந்ததும் நாக்கை நீட்டச் சொன்னேன். நீட்டினார், ரோஸ் நிறத்தில்.

“வாரத்துக்கு ஒண்ணுதான், சத்தியமா. உனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல, நானே பாத்தேன். இனிமே ஞாயித்துக்கிழமை எங்ககூடத்தான் வர்றீங்க.”

அடுத்த ஞாயிறு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கொக்கு பார்ப்பதற்கு ஆற்றுக்கு எதற்கு, கோட்டுச்சேரி வயலில் நிற்காதா என்றார். வாயை அடைக்கப் பைனாகுலரைக் கொடுத்தோம். அந்த நேரம் பார்த்து ஓர் ஆலா மேலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து மீனோடு எழுந்தது.

“புடிச்சிட்டான்! புடிச்சிட்டான்!” என்று கல் மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினார்.

பொழுது சாயும்வரை பைனாகுலர் எங்கள் கைக்கு வரவேயில்லை.