அவனைக் கச்சா லிம்பு என்றேன்

நான்கு வருடங்களுக்கு முன்பு நான் புனேயில் இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு திருப்பூர், சூரத் என்று சுற்றி, பிம்ப்ரியில் தகட்டை அழுத்தி வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் காண்ட்ராக்ட் வேலையில் சேர்ந்திருந்தேன். ஒரே ஊரில் ஒரு வருடம் தாண்டுவது எனக்கு அபூர்வம். அங்கே மூன்று வருடம் இருந்ததற்குக் காரணம் என் பக்கத்து மெஷினில் நின்ற நண்பன். புனேயிலேயே கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழன். அவன் பேச்சில் பாதிக்குப் பாதி இந்தி கலந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாபோடியில் ரயில் பாதையை ஒட்டிய மைதானத்தில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவோம். எங்கள் பக்கம் முதலில் இறங்குபவன் அவன்தான்.

ஒரு நாள் பிரஸ் மெஷின் அவன் இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அந்த வேலையில் நடப்பதுதான். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தான். சூப்பர்வைசர் அவன் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மெஷினில் விடலாமா வேண்டாமா என்று திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னார். மெஷின் இல்லையென்றால் துடைப்பம்தான்.

அந்த சூப்பர்வைசரும் ஞாயிறு ஆட்டத்துக்கு வருவார். எதிரணியில் பந்து வீசுவார். மராத்திக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஞாயிறு மைதானத்துக்குப் போகும் வழியில் நண்பன் என்னை நிறுத்தினான்.

“மச்சான், வீட்டுப் பின்னாடி ஒரு மாசமா பேட் புடிச்சுப் பழகினேன். இன்னிக்கு அந்தாள் போடற பாலை நான் ஆடணும். என் கிரிப்பை அவர் பாக்கணும். சம்ஜா க்யா, புரியுதா?”

“அவுட் ஆயிட்டா?”

“ஆனா ஆவட்டும். நல்லா இருந்தப்போ ஆவலியா? நீ பாட்டுக்கு இரு.”

அன்று நான் எதிர்முனையில் நின்றேன். முதல் இரண்டு பந்துகளைத் தடுத்தான். மூன்றாவது கொஞ்சம் குட்டையாக விழுந்தது. திருப்பி அடித்தான். பந்து ரயில்வே சுவரில் மோதித் திரும்பியது. நாலு ரன். சூப்பர்வைசரே “க்யா பாத் ஹை” என்று பாராட்டினார். நண்பன் சிரிக்கவில்லை. கையுறையைச் சரிசெய்தான். அதில் காலியாகத் தொங்கிய இரண்டு விரல்களையும் உள்ளே மடித்துவிட்டுக்கொண்டான்.

அடுத்த பந்து தாழ்ந்து வந்து, ஸ்டம்புக்குப் பதிலாக வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டியில் அடித்தது. சூப்பர்வைசர் அவுட் என்று கை தூக்கினார்.

அப்போதுதான், விட்டுவிடச் சொல்லி நான் வாயைத் திறந்தேன்.

“சாப், சோடோ. கச்சா லிம்பு ஹை.”

அந்த ஊர்த் தெரு ஆட்டத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த சொல். பழுக்காத எலுமிச்சை என்று அர்த்தம். ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அழும் சின்னப் பிள்ளைகளை அப்படிச் சொல்லி நிற்கவைப்பார்கள். பிள்ளை ஓடும், அடிக்கும், எத்தனை முறையானாலும் அவுட் கிடையாது. நம் ஊரில் ஒப்புக்குச் சப்பாணி என்போமே, அதேதான். விரல் போனவனைப் பார்த்துத் தமிழில் அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கவே மாட்டேன். வேற்றுப் பாஷையில் இருந்ததால் என் நாக்குக்கு உறைக்கவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவன், “கச்சா லிம்புன்னா அந்த நாலு ரன்னும் கிடையாதுப்பா” என்று நோட்டில் கோடு போட்டு அடித்துவிட்டான். நான் மறுத்துப் பேசவில்லை. சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்று, குழந்தைக்குப் போடுவதுபோல் கையைக் கீழே வைத்து ஒரு பந்தை உருட்டினார். நண்பன் அதை ஆடவில்லை. பேட்டைப் பெட்டிமேல் சாய்த்து வைத்தான். என்னைக் கடந்து போகும்போது, “நான் அவுட், மச்சான்” என்றான். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவன் போய்க் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். சூப்பர்வைசர் அவன் தோளில் தட்டி, “அரே, கச்சா லிம்பு கோ மஷீன் பர் கைசே ரக்கூம்?” என்றார். கச்சா லிம்புவை மெஷினில் எப்படி நிறுத்துவது என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் முந்தின நாள் தமிழில் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்காது. வேறு காரணமும் அவருக்கு இருந்திருக்கலாம். ஆனால் வார்த்தையை எடுத்துக் கொடுத்தவன் நான்.

நான்கு நாள் பெருக்கினான். மற்றவர்களும் அவனை அந்தப் பெயராலேயே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஐந்தாம் நாள் வரவில்லை. கட்கிக்குப் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே நின்று பேசினான்.

“தப்பா நெனைக்காதடா, உனக்காகத்தான் சொன்னேன்.”

“தெரியும். திட்டியிருந்தாக்கூட பரவால்ல மச்சான். பாவம் பாத்துட்டியே.”

உள்ளே கூப்பிடவில்லை. மறுபடி போக எனக்கும் முகம் இல்லை. அவன்மேல் பாவப்பட்டுச் சொன்னேனா, அவன் விக்கெட் போனால் தோற்போம் என்று சொன்னேனா என்பது எனக்கே நிச்சயமாகத் தெரியாது. அடுத்த மாதம் புனேயை விட்டுக் கிளம்பினேன்.

அதற்குப் பிறகு மூன்று ஊர் மாறிவிட்டேன். எங்கே ஆடினாலும், எவன் அவுட் ஆனாலும், அவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும், முதலில் கை தூக்குவது நான்தான். கல்நெஞ்சுக்காரன் என்கிறார்கள், அவர்களுக்கு அந்த நாலு ரன்னைப் பற்றித் தெரியாது.