வேம்புக்கு ஊற்றிய பால்

பள்ளிப் படிப்போடு நின்று கரண்டி பிடித்தவன் கட்டுரை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது.

ரஷ்யாவின் வடகோடியில் இருக்கும் யாகூத்ஸ்க் நகரச் சந்தையில் குளிர்காலத்துப் பால் வட்டத் தட்டுகளாக உறைந்திருக்கும், கோணிப்பையில் தூக்கிப்போவார்கள். அங்கே வைரப் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் நம் நாட்டு ஆட்களுக்குச் சமைக்கப் போனேன். நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி மார்ஃபா, பாலை உருக்கியதும் முதல் கரண்டியை முற்றத்து மரத்தடியில் ஊற்றுவாள். ஏன் வீணாக்குகிறாய் என்று அரைகுறை ரஷ்ய மொழியில் கேட்டேன். பால் கேட்கிறேன் என்று நினைத்து ஒரு தம்ளர் நீட்டினாள்.

பிறகுதான் கதை புரிந்தது. அந்த ஊர்க்காரர்களுடைய ஒலோங்கோ என்னும் நெடும்பாட்டில், பூமி உண்டானபோதே அதன் நடுவில் ஒரு பெருமரம் முளைத்ததாம். பூமியின் ஆவியான ஆன் அலாக்சின் கோத்துன் அதற்குள் குடியிருக்கிறாள். மேலுலகத் தெய்வங்கள் அவளை அனுப்பினார்கள் என்று சிலர் பாடுவார்களாம். மரத்தோடு சேர்ந்தே முளைத்தவள் என்பது மார்ஃபா கேட்டு வளர்ந்த கதை. தாய் தகப்பன் தெரியாத ஒருவன் வந்து நான் யார் என்று கேட்கிறான். மரம் முனகுகிறது. அவள் நரைத்த தலையோடு மரத்திலிருந்து இடுப்புவரை எழுந்து, அவனுக்குப் பாலூட்டி, அவன் பிறப்பைச் சொல்கிறாள். அவள் மரத்தைவிட்டுப் போகாமல் இருக்கத்தான் மார்ஃபா பால் ஊற்றினாள்.

அந்த வருஷம் எங்கள் மயிலாப்பூர் வீட்டை அடுக்குமாடி கட்டத் தம்பி கொடுத்துவிட்டான். கொல்லை வேப்பமரத்தையாவது விட்டுவை என்று தொலைபேசியில் கெஞ்சினேன். பார்க்கலாம் என்றான். லீவில் வந்தபோது வீடு பாதி இடிந்திருந்தது. மரம் நின்றது. கோடரிகளைக் கீழே போட்டுவிட்டு ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தம்பி என் சொல்லை மதித்துவிட்டான் என்று நெஞ்சு நிறைந்துபோய், ஒரு பாக்கெட் பால் வாங்கிவந்து வேரில் ஊற்றினேன். இங்கேயே இரு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் எழுந்தான். “பெரிய ஐயரே பால் ஊத்திட்டாரு. இன்னும் இன்னா பயம் நைனா? அம்மா உத்தரவு குட்த்துடுச்சி.”

அம்மன் மரத்தை வெட்டுமுன் வீட்டுக்காரர் ஒருவர் பால் ஊற்றி, வேறிடம் போ தாயே என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார்கள்.

தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “நல்ல வேளைண்ணா. தொடமாட்டோம்னு கார்த்தாலேர்ந்து உக்காந்துண்டிருந்தா. மூத்தவன் நீயே பண்ணிட்டே.”

“நான் அவளை இருக்கச் சொன்னேன்டா.”

“எவளை?” என்றான். “ரஷ்யாவுல எவளையோ பாத்துட்டு வந்து மரத்துல தேடறியா?”

ஆட்கள் சிரித்தார்கள். காலிப் பால் பாக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அனுப்புவதற்கு முன் மரியாதை செய்வதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. மீனம்பாக்கத்தில் எனக்கும் மாலை போட்டுத்தான் விமானம் ஏற்றினார்கள். அங்கே நான் இந்தியாக்காரன். இங்கே தம்பி குழந்தைகளுக்கு ரஷ்யா பெரியப்பா. நீ இன்னான் என்று சொல்லி எழுந்துவர எந்த மரத்திலும் எனக்கு யாரும் இல்லை.

மறுநாள் மத்தியானத்துக்குள் வெட்டி முடித்துவிட்டார்கள். சாயங்காலம் தி. நகர் போய், கொண்டுபோகப் புளியும் பெருங்காயமும் வாங்கினேன்.