பைலட்டிடம் சொல்லக்கூடாத விஷயம்

போன வருடம் ஐப்பசி மாதம் நடந்தது இது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவசரப் பிரிவு நர்ஸாக இருக்கிறேன். பதினேழு வருட சர்வீஸ். கை சுத்தம் என்று எனக்கு நல்ல பெயர் உண்டு, வாய் நீளம் என்று கெட்ட பெயரும் உண்டு. யார் எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று ஒரு தடவை கேட்காவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

எங்கள் மருத்துவமனை ஒரு ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸை ஒப்பந்தத்தில் எடுத்தபோது அதில் போகும் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவே நான் நிலாவுக்குப் போகப்போவதுபோல விசாரித்தது. பறப்பதற்கு முன்னால் மூன்று நாள் பயிற்சி என்றார்கள். ஸ்ட்ரெச்சரை எப்படி ஏற்றுவது, ஆக்ஸிஜன் சிலிண்டரை எங்கே கட்டுவது என்று சொல்லித் தருவார்கள் என நினைத்துப் போனேன். அது முதல் நாள் மத்தியானமே முடிந்துவிட்டது. மிச்ச நாளெல்லாம் எங்களைப் பற்றித்தான் பாடம். பைலட், டாக்டர், நர்ஸ் என்று மூன்று பேர் ஓர் ஆட்டோ அளவு இடத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போது யார் எங்கே தப்பு செய்வார்கள், பக்கத்தில் இருப்பவர் அதை எப்படிப் பிடிப்பது என்பதுதான் பாடம்.

நடத்த வந்தவர் என் வயதுப் பெண்மணி. முன்பு விமான நிலையத்தில் விமானங்களுக்கு வழி சொல்லும் வேலையில் இருந்தவராம். காட்டன் புடவை கட்டி, காலில் ஓடுகிற ஷூ போட்டிருந்தார். நாற்காலிகளை ஹெலிகாப்டர் மாதிரி நெருக்கிப் போட்டு, ஸ்பீக்கரில் இறக்கைச் சத்தத்தை அலறவிட்டு, அதற்குள் எங்களை வேலை செய்யச் சொன்னார். டாக்டர் ஒரு மருந்தின் அளவைச் சொன்னால் நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னது சரிதான் என்று அவர் தலையாட்டினால் போதாது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எனக்கு இதெல்லாம் ரொம்பப் பிடித்துப்போனது.

இரண்டாம் நாள் ஒரு விளையாட்டு வைத்தார். எங்களை இரண்டு குழுவாகப் பிரித்து வேறு வேறு அறையில் உட்கார வைத்து, ஒரு சீட்டைக் கொடுத்தார். மேகம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, காற்று எப்படி, மழை எவ்வளவு தூரத்தில் என்று அதில் எழுதியிருந்தது. கடைசி வரியில், ஒரு எட்டு வயதுச் சிறுமியை அழைத்து வர வேண்டும் என்று இருந்தது. கிளம்பலாமா, வேண்டாமா? எங்கள் குழு கிளம்பலாம் என்றது. நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். அடுத்த அறையில் இருந்தவர்கள் ஒருவர் விடாமல் வேண்டாம் என்றிருந்தார்கள். அவர்கள் சீட்டை வாங்கிப் பார்த்தேன். அதே மேகம், அதே காற்று, அதே மழை. கடைசி வரியில் மட்டும், ஒரு மருந்துப் பெட்டியைக் கொண்டு வர வேண்டும் என்று இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த விதியைச் சொன்னார். நோயாளி யார், என்ன வயது, என்ன நோய் என்று பைலட்டிடம் சொல்லவே கூடாது. எந்த ஊர், எல்லாம் சேர்த்து மொத்த எடை எவ்வளவு, இவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டும். வானத்தைப் பார்த்து மட்டும் அவர் முடிவு எடுக்க வேண்டும். அதோடு இன்னொரு விதி. மூன்று பேரில் யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் வண்டி கிளம்பாது. ஏன் என்று அப்போது கேட்கக் கூடாது, அதற்காக யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன மேடம் இது, கல் நெஞ்சா இருக்கு! யாருக்காகப் போறோம்னு தெரிஞ்சாதானே மனுஷனுக்கு ஒரு வேகம் வரும்?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அந்த வேகம்தான் சிஸ்டர் எனக்கு பயம். உள்ள இருக்கறது குழந்தைன்னு மேகத்துக்குத் தெரியாதுல்ல?" என்றார். பதில் சரிதான் என்று மூளை ஒப்புக்கொண்டது. மனசு ஒப்பவில்லை.

நாலு மாதம் போனது. ஏழெட்டுத் தடவை பறந்துவிட்டேன். ஐப்பசியில் ஒரு நாள், மதியம் இரண்டரை மணி இருக்கும். திண்டிவனம் தாண்டி ஒரு சின்ன மருத்துவமனையிலிருந்து போன். மூன்று வயதுப் பையன், கடுமையான நிமோனியா, மூச்சு தளர்ந்துகொண்டே வருகிறது, குழந்தைகளுக்கான வென்டிலேட்டர் அங்கே இல்லை. எங்கள் குழு டாக்டர் அந்த ஊர் டாக்டரிடம் பேசிவிட்டு, மருந்துகளை எழுதிக்கொள்ளச் சொல்லிப் போனை என்னிடம் கொடுத்தார். நான் எழுதும்போது பின்னால் ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது. "கண்ணத் தொறடா சாமி, கண்ணத் தொறடா" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் என் காதைவிட்டுப் போகவில்லை.

ஹெலிபேடை ஒட்டிய சின்ன அறையில் எங்கள் பைலட், கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம், கம்ப்யூட்டரில் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியைத் தேய்த்தார். "கஷ்டம்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"கேப்டன், மூணு வயசுக் குழந்தை. அவங்க அம்மா போன்ல கதறிட்டு இருக்காங்க."

சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. திரையை இன்னொரு தடவை பார்த்தார். "சரி, போய்ப் பாக்கலாம். முடியலன்னா திரும்பிடலாம்" என்று எழுந்தார். என் பின்னாலேயே வந்திருந்த டாக்டர் ஏற்கனவே வெளியே நடக்க ஆரம்பித்திருந்தார்.

சந்தோஷம்தான் வந்தது எனக்கு. மறைக்க மாட்டேன், ஜெயித்த மாதிரி இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தேன். ஹெலிகாப்டர் பக்கத்தில் போனதும்தான் அண்ணாந்து பார்த்தேன். வண்டலூர் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. ஒரு நிமிடம் முன்னால் கஷ்டம் என்று சொன்ன மனிதர் இப்போது போகலாம் என்கிறார். நடுவில் என்ன மாறியது? மேகம் மாறவில்லை. நான் ஒரு வரி சொன்னேன், அவ்வளவுதான். அந்தக் கேள்வி வந்ததும் பையைக் கீழே வைத்தேன்.

"கேப்டன், நான் வரல" என்றேன்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "என்ன சிஸ்டர் விளையாடறீங்களா? நீங்கதானே இப்போ கொழந்தைன்னு சொன்னீங்க?" அவரோடு பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். ஒரு நாள்கூட அவரை எதிர்த்துப் பேசியதில்லை.

"ஆமா டாக்டர். அதான் வேண்டாம்ங்கறேன்."

கேப்டன் ஹெட்செட்டைக் கழற்றி இருக்கையில் வைத்தார். "ஒருத்தர் வேணாம்னா வேணாம்தான் டாக்டர். ரோடுல கிளம்புங்க" என்றார். ஏன் என்று கேட்கவே இல்லை.

அந்த ஊரிலிருந்து ஓர் ஆம்புலன்ஸில் பையனைக் கொண்டு வரச் சொல்லி, நாங்கள் எங்கள் ஆம்புலன்ஸில் எதிரே போனோம். ஏறும்போது டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். அனகாபுத்தூர்க்காரர். "இன்னா சிஸ்டர், மூஞ்சே செத்துப் போய் கீது? நா கீறேன்ல, இட்டுகினு போறேன், வா" என்றார். டாக்டர் போய் டிரைவர் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். சிங்கப்பெருமாள்கோவில் தாண்டியதும் பிடித்தது பாருங்கள் மழை. முன்னால் போகும் லாரியே தெரியவில்லை. பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு வண்டிகள் ஊர்ந்தன. டாக்டர் கண்ணாடி வழியாக மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நாங்கள் தப்பித்தோம் என்பதால் அந்தக் குழந்தை பிழைத்துவிடாதே.

மேல்மருவத்தூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் இரண்டு வண்டிகளும் சந்தித்தன. பையனின் உதடு நீலமாக இருந்தது. டாக்டர் தொண்டையில் குழாய் போட, நான் மருந்தின் அளவைத் திருப்பிச் சொல்ல, அவர் சரி என்று வாய்விட்டுச் சொல்ல, வேலை தானாக நடந்தது. திரும்பும் வழியில் இரண்டு தடவை நாடி விழுந்தது. இரண்டாவது தடவை அது திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தில், நான்தான் இவனைக் கொன்றேன் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். தாம்பரம் வந்து சேரும்போது அவனுக்கு உயிர் இருந்தது. பன்னிரண்டாம் நாள் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனான்.

அவன் போகிற அன்றைக்குக் கேப்டன் வார்டுக்கு வந்தார். பறந்து போகாத பயணம்தானே, நோயாளி யார் என்று தெரியக் கூடாது என்ற விதி இதற்குப் பொருந்தாது என்று அவரே ஒரு நியாயம் வைத்திருந்தார். பையனின் தலையைத் தடவிவிட்டு என்னிடம் வந்தார்.

"அன்னிக்கு நான் வேணாம்னு முடிவே பண்ணிட்டேன் சிஸ்டர். நீங்க வயசச் சொன்னதும் என் பொண்ணு ஞாபகம் வந்துடுச்சு. அப்புறம் அந்த ஸ்கிரீனைப் பார்த்தேன், ஆனா எதுவுமே கண்ணுல படல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். பையன் வழியிலேயே இறந்து போயிருந்தால் நான் எடுத்த முடிவு தப்பாகியிருக்குமா என்றும் கேட்டேன். "தப்பாகியிருக்காது. ஆனா தூக்கம் வந்திருக்காது" என்றார்.

இன்றும் ஒவ்வொரு அழைப்பிலும் ஏதோ ஒரு தாயின் குரல் என்னோடு கேப்டனின் அறை வாசல்வரை வருகிறது. உள்ளே போய் ஊரின் பெயரையும் எடையையும் மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன், அந்தத் தாயின் குழந்தைக்கு நான் செய்யும் முதல் சிகிச்சை அதுதான் என்று இப்போது எனக்குத் தெரியும்.