காலி வாளிச் சத்தம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் முடிகிற ஜனவரியில் நடந்தது இது. லாயாங் லாயாங் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு மான் பண்ணையில் தீனி போடுகிற வேலை எனக்கு. இன்றும் அதே வேலைதான்.

எங்களிடம் ஒரு பெரிய கலைமான் உண்டு. கொம்பை நிமிர்த்திக்கொண்டு அவன் நடந்து வந்தால் பார்க்க வந்தவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். மற்ற மான்களைத் தள்ளிவிட்டு முதல் ஆளாகச் சாப்பிடுவதால், இங்கே சீன முதலாளிகளைக் கூப்பிடுகிற மாதிரி 'தவுக்கே' என்று பெயர் வைத்தேன். காலையில் தகர வாளியை நான் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், எங்கிருந்தாலும் வந்து நிற்பான். பண்ணை முதலாளி தட்டினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

ஒருநாள் காற்றுமழையில் மரம் விழுந்து வேலி சாய்ந்தது. தவுக்கே பக்கத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்குள் போய்விட்டான். வாளியைத் தட்டினால் வந்தான். ஆனால் ஏற்றிப்போகக் கொண்டுவந்த லாரியைப் பார்த்ததும் ஒரே ஓட்டம். மூன்று நாள் இதே கூத்து. அந்தப் பக்கம் கண்ணி வைக்கிற ஆட்கள் உண்டு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் முதலாளி கால்நடை டாக்டரை வரவழைத்தார். சின்ன வயது மலாய்ப் பெண். நீளமான குழாயில் மயக்க ஊசியைப் போட்டு வாயால் ஊதினார். ஊசி தவுக்கேயின் தொடையில் தைத்தது. துள்ளிக் குதித்து, வெட்டி அடுக்கி வைத்திருந்த செம்பனை மட்டைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டான். நான் பின்னாலேயே ஓடப் பார்த்தேன்.

"துங்கு லா, அபாங்!" என்று டாக்டர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். பொறுங்கள் அண்ணே என்கிறார். துரத்தினால் படுக்காமல் ஓடிக்கொண்டே இருப்பானாம். படுத்த பிறகு சத்தம் போடாமல் போய்த் தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமாம். தாமதமானால் மூச்சு அடைத்துச் செத்துப்போவானாம்.

பத்து நிமிடம் பொறுத்து, ஆளுக்கு ஒரு பக்கமாகத் தேடினோம். தவுக்கேயைக் காணோம். செம்பனை வரிசைகள் எல்லாம் ஒரே மாதிரி. எந்த மட்டைக்குப் பின்னால் மூச்சு முட்டிக் கிடக்கிறானோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னதெல்லாம் மறந்துபோய், கையிலிருந்த காலி வாளியைப் படபடவென்று தட்டிவிட்டேன்.

எங்கோ மட்டை சரசரத்தது. அடுத்த நிமிடம் தொபுக்கென்று தண்ணீரில் எதுவோ விழுந்தது.

"யாருங்க அங்க? மான் தண்ணியில விழுந்துருச்சு, ஓடியாங்க!" என்று ஒரு பெண் குரல்.

கத்திக்கொண்டே விழுந்தடித்து ஓடினேன். மழைத்தண்ணீர் நிறைந்த தோட்டத்துக் கால்வாய். உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குகிற ஓர் அம்மா, பூட்ஸோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, தவுக்கேயின் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டிருந்தார். கொம்பு கீறி அவர் கன்னத்தில் ரத்தம். முன்பின் தெரியாதவர்.

"கத்தாதீங்கண்ணே, மூச்சு இருக்கு. நீங்க இறங்கி வயித்தைத் தாங்கிப் பிடிங்க."

டாக்டரும் முதலாளியும் ஓடி வந்தார்கள். எப்படியோ கரையேற்றி லாரியில் படுக்க வைத்தோம். டாக்டர் மயக்கம் தெளிய மாற்று ஊசி போட்டார். தவுக்கே காதை ஆட்டியபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

நான்தான் வாளியைத் தட்டினேன் என்று ஒப்புக்கொண்டேன். டாக்டர் அந்த அம்மாவின் கன்னத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்.

"ஓ, அதானா?" என்றார் அந்த அம்மா. "அந்தப் பக்கம் நல்லாத்தாண்ணே படுத்திருந்துச்சு. சத்தம் கேட்டதும் தள்ளாடித் தள்ளாடி எழுந்து நேரா வந்துச்சு. நடுவுல கால்வாய் இருக்கறதே பாவம் அதுக்குத் தெரியல."

வாளியைப் பார்த்தேன். உள்ளே ஒரு பிடி தீனிகூட இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"அட, என்னண்ணே நீங்க! அதான் பொழச்சிருச்சே" என்று பிளாஸ்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டு தன் கோணிப்பையைத் தேடிப் போனார். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

இரண்டு நாள் கழித்து, பண்ணையில் பயந்து பயந்து வாளியைத் தட்டினேன். இனி எங்கே வரப்போகிறான் என்றுதான் நினைத்தேன். எல்லாரையும் தள்ளிக்கொண்டு தவுக்கேதான் முதலில் வந்தான். பாதி மயக்கத்திலும் என்னை நம்பி எழுந்து வந்தவன் அவன்; அதனால் கையில் தீனி இல்லாமல் அந்த வாளியை இன்றுவரை நான் ஒருநாளும் தட்டியதில்லை.