மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பெயர்

கொட்டாஞ்சேனை அலுவலக மேசையில் மூன்று பிறப்புப் பத்திரங்களை விரித்து, அவை சுருளாதபடி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றார் அந்த அம்மா. “மிஸ், இது மூணு புள்ளைங்க. நீங்க ஒரு ஆளா எழுதியிருக்கீங்க” என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

திரும்பத் திரும்பக் குற்றத்தில் சிக்கும் சிறுவர்களை அடையாளம் காணும் திட்டமொன்றில் அப்போது நான் பதிவுகளைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். மூன்று பொலிஸ் பதிவு இருந்தால் பிள்ளையின் பெயர் பட்டியலில் ஏறும்; சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பச் சொல்லி நீதிமன்றத்துக்கு அறிக்கை போகும். படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம். எங்கள் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரை அங்கே முழுதாக எழுதி, பிள்ளையின் சொந்தப் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கினோம். சுரேஷ், சுகுமார், சுதன் மூவரும் ஒரே ‘எஸ்’ ஆனார்கள். மூத்தவன் திருடிய சைக்கிளும் நடுவிலான் போட்ட சண்டையும், பஸ் கண்ணாடிக்கு ஒரேயொரு கல்லெறிந்து கடைசியாகப் பிடிபட்ட பதினான்கு வயதுச் சுதனின் தலையில் விழுந்தன. நம் பெயர் வழக்கம் தெரியாத யாராவது செய்திருந்தால் மன்னித்திருப்பேன். அப்பாவின் பெயரை முன்னால் போட்டு வளர்ந்த நானே செய்தேன். இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

சுதனை இல்லத்துக்கு அனுப்பி அன்றோடு நான்கு நாள். பணிப்பாளரிடம் ஓடினேன். “பிழைதான். ஆனா லிஸ்ட் அப்ரூவ் ஆகிட்டுது. இனி ரிவியூவிலதான் கதைக்கலாம்” என்றார், ஃபைலிலிருந்து நிமிராமல். பிழை என்று தெரிந்தும் சொன்னார், அதுதான் கொடுமை. ஆறு மாதம் கழித்து வரும் அந்த மறுபரிசீலனைக் கூட்டத்துக்காக அவன் பள்ளிக்கூடத்தை விட்டு எங்கோ வெளியூரில் கிடந்தான்.

கூட்டத்தில் பிஸ்கட்டும் தேநீரும் தந்தார்கள். அண்ணன்மாரின் இரண்டு பதிவுகளையும் நீக்கினார்கள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன், மடச்சி. அந்த ஆறு மாதத்தில் சுதன் இல்லத்திலிருந்து இரண்டு தடவை தப்பியோடியிருந்தான். இரண்டு தடவையும் பொலிஸ் அவனைப் பிடித்தது அம்மாவின் குசினியில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. அவை இரண்டு புதிய பதிவுகள். கல்லெறிந்ததோடு சேர்த்து மூன்று. பெயர் பட்டியலிலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்துவிட்டு எழுந்து போனார்கள், மானங்கெட்டவர்கள். அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது, அதே படிவத்தோடு.

முடிவைச் சொல்ல நான்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா வாசலில் நின்றபடியே கேட்டார். அழவில்லை.

“இப்ப மூணு பதிவும் அவன் சொந்தப் பேர்லதானே மிஸ் இருக்கு?” என்றார்.

“ஓம்” என்றேன்.